இருநூறு எம்பிபிஎஸ்

தமீம் ஏணியைச் சாத்தியது
கஜா புயலில் சாய்ந்து
பாதி மட்டும் நிமிர்த்தப்பட்ட கம்பத்தில்.
"பயப்படாதீங்கக்கா, விழாது" என்றான்.
நான் பயந்தது வேறு.

கறுப்பு ஒயர்
கோரையாற்று மதகிலிருந்து
வாய்க்கால் மேட்டோடு வந்து
வேலப்பன் வீட்டு முருங்கையை ஒரு சுற்று சுற்றி
எங்கள் ஜன்னலில் நுழைந்தது.
தண்ணீருக்கும் இதே வழிதான்.
மேட்டூர் திறந்து
தலைமடைக்காரர்கள் பாய்ச்சி முடித்து
எங்களுக்கு வரும்போது கணுக்கால் நனையும்.
பழைய இணைப்பும் அப்படித்தான் இருந்தது.
கடைமடை என்று சொன்னால்
கஸ்டமர் கேர் பெண்ணுக்குப் புரியவில்லை.
"நாலு எம்பிபிஎஸ் வருது மேடம்."
வருது.
எங்கெங்கே தங்கிவிட்டு வருது என்பதுதான் கேள்வி.

வேகம் கேட்டது நானில்லை.
பணம் கட்டியவன் தம்பி இளவழகன்,
ஆக்லாந்திலிருந்து,
ஒரு வருஷத்துக்கு மொத்தமாக.
எங்களைவிட ஏழரை மணி நேரம் முன்னால் இருக்கிறான்.
ஏழரை என்றால் என்னவென்று
உங்களுக்கும் தெரியும்.

அவனுக்கு வேண்டியது ஏழு மா நிலத்தில்
என் கையெழுத்து.
இறால் குட்டைக்குக் கேட்கிறார்களாம், நல்ல விலை.
இரண்டு வருஷமாகக் கேட்கிறான்.
இரண்டு வருஷமாக நான்
உறைந்துபோகிறேன்.

கஷ்டமில்லை, யாரும் செய்யலாம்.
"அக்கா, அந்தப் பத்திரம்..." என்று அவன் தொடங்கியதும்
வாய் பாதி திறந்தபடி நின்றுவிட வேண்டும்.
ஒரு கண் கொஞ்சம் மூடியிருந்தால் நம்புவார்கள்.
நெற்றிக்குப் போகிற கை
வழியிலேயே நிற்கட்டும்.
மூச்சை வயிற்றோடு வைத்துக்கொள்ளுங்கள்.
"அக்கா? அக்கா, கேக்குதா?"
கேட்கும்.
"சே, இந்த நெட்டு."

ஒருமுறை வீட்டுக்காரர் பார்த்துவிட்டு
வாதமோ என்று பதறித் தோளை உலுக்கினார்.
அவன் வைத்துவிட்டுப் போய்
ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது அப்போது.

விற்கவே கூடாது என்றெல்லாம் எனக்கில்லை.
தையில் தெளித்த உளுந்து இப்போது நிற்கிறது,
எடுத்த பிறகு யார் என்ன செய்தால் என்ன.
ஆனால் கையெழுத்துப் போட்டபின்
எதற்குக் கூப்பிடுவான்?

தமீம் போனில் சோதித்துக் காட்டினான்.
முள் சரசரவென ஏறி
நூற்றுத் தொண்ணூற்றாறில் நின்று நடுங்கியது.
ஷட்டர் தூக்கிவிட்ட லஸ்கர் மாதிரி
இடுப்பில் கை வைத்துக்கொண்டான்.
"இனி நிக்கவே நிக்காதுக்கா."
டீயைக் குடித்துவிட்டு, பழைய மோடத்தை
எடைக்குப் போடுங்க என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்று சாயங்காலமே அழைப்பு.
போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்தேன்.
தம்பி வந்தான்,
ஆற்றில் முங்கி எழுந்தவன் போலப் பளிச்சென்று.
காதோரம் நரைத்திருக்கிறது. எப்போதிலிருந்து?
சட்டைக் காலரில் ஒரு நூல்.
பின்னால் சுவரில்
கல்யாணப் படம் இருந்த இடத்தில்
ஆணி மட்டும்.

"சூப்பரா தெரியுதுக்கா" என்றான்.
உளுந்து எப்படி என்றான்.
பிறகு, "அந்தப் பத்திரம்..."

வாயைப் பாதியில் நிறுத்தினேன்.
ஒரு கண்.
கை காற்றில்.

அவன் அக்கா அக்கா என்று கூப்பிடவில்லை.
நெட்டைத் திட்டவில்லை.
ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்,
சின்ன வயசில் கண்ணாமூச்சியில்
கதவுக்குப் பின்னால் என் பாவாடை தெரிந்தும்
வேறு பக்கம் தேடப்போவானே, அந்த முகத்தோடு.

"அக்கா," என்றான் மெதுவாக,
"ஃபேன் சுத்துது."

கொசுவுக்காகப் போட்டது.
என் தலைக்கு மேலே
மூன்று இறக்கையும் தனித்தனியாகத் தெரிந்திருக்கும்
அந்த வேகத்தில்.

கையை இறக்கினேன்.
கண்ணைத் திறந்தேன்.
வேறெங்கே பார்ப்பதென்று தெரியாமல்
அந்த ஆணியைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்:
"வினோதா எங்கடா?"

அவன் அப்படியே நின்றுபோனான்,
வாய் பாதி திறந்து,
ஒரு கை பனியனைப் பிடித்தபடி.
நன்றாகத்தான் செய்கிறான்.

அவனுக்குப் பின்னால்
கடிகாரத்தின் சிவப்பு முள்
ஓடிக்கொண்டிருந்தது.