நட்பு நேரம்

சாவி என்றுதான் பெயர்.
எந்தக் கதவையும் திறக்காது.
நீலப் பிளாஸ்டிக், கட்டைவிரல் நீளம்.
கல்லாவுக்குப் பக்கத்து இயந்திரத்தில் செருகி
"எவ்வளவு?" என்று கேட்பேன்.
அபர்டேரில் குளிர் எவ்வளவு என்பதை
அந்தப் பதிலில்தான் தெரிந்துகொள்கிறேன்.

இருபது என்பவர்கள் நிமிர்ந்து சொல்வார்கள்.
ஐந்து என்பவர்கள், சாக்லேட் வரிசையைப் பார்த்தபடி.
இரண்டு போடுபவர்கள் எதுவும் சொல்வதில்லை,
காசை வைத்து
ஒற்றை விரலால் என் பக்கம் தள்ளுவார்கள்.

தில்வின் இடுப்பெலும்பு முறிந்து
ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.
வந்த அன்றே பத்து பவுண்டு ஏற்றிக்கொண்டு போனவர்
ஊன்றுகோலோடு மறுபடி மேடிறங்கி வந்தார்.
"வெளிச்சம் வரவில்லை, நெரிஸ்.
பத்தையும் தின்றுவிட்டு இன்னும் பதினைந்து கேட்கிறது."
நிலைக் கட்டணம், என்றேன்.
உங்கள் வீட்டுக்குக் கம்பி வந்து நிற்கிறதே, அதற்கு.
எரித்ததற்கு அல்ல. நின்றதற்கு.
நாளொன்றுக்கு அறுபது பென்ஸ்.
யோசித்தார்.
"ஆறு வாரமாக நான் நிற்கவே இல்லையே,
நின்றது அது மட்டும்தான்."
இருவரும் சிரித்துவிட்டோம்.
மெழுகுவர்த்தி ஒரு பெட்டி வாங்கினார்.
அதற்குச் சில்லறை சரியாக இருந்தது.

கம்பெனியிலிருந்து ஒரு கட்டுப் படிவம் வந்தது,
சாவி கொண்டுவருபவர்களிடம் கேட்டு நிரப்பச் சொல்லி.
கேள்வி நான்கு:
கடந்த ஓராண்டில் எத்தனை முறை
தாங்களாகவே மின்சாரத்தைத் துண்டித்துக்கொண்டீர்கள்?

துண்டித்து.
கொண்டீர்கள்.
தலை வாரிக்கொள்வது போல,
சட்டை மாட்டிக்கொள்வது போல,
பால் பாதி சூடான நேரத்தில்
எழுந்துபோய்க் கத்தரி தேடி எடுத்து, நீங்களாகவே.
தூக்குப் போட்டுக்கொண்டவனுக்கும்
இந்தக் 'கொள்'தான்.

நான்காம் கேள்வியை யாரிடமும் கேட்கவில்லை.
கோடு போட்டு அனுப்பிவிட்டேன்.

இன்று கடை அடைக்கையில்
இயந்திரத்திலேயே ஒரு சாவி நின்றது.
வாலுடைந்த சிவப்பு டிராகன் வளையம். லோவ்ரியுடையது.
நான்கு பவுண்டு ஏற்றினாள்,
அதில் ஒன்று, முன்பு குடியிருந்தவன்
வைத்துப்போன பாக்கிக்குப் போகும்.
குழந்தை வீறிட்டது, பால் பவுடருக்குக் காசு போதவில்லை,
அந்தத் தடுமாற்றத்தில் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

மழையில் மேடேறினேன்.
இருபுறமும் தோளோடு தோள் ஒட்டிய வீடுகள்,
இதே மலையைக் குடைந்து கரி எடுத்தவர்களுக்குக் கட்டியவை.
வரிசையில் ஒன்று மட்டும்
பல் விழுந்த இடம் போல.

ஃபோன் வெளிச்சத்தில் கதவைத் திறந்தவள்
நன்றி சொல்லவில்லை, பறித்துக்கொண்டு ஓடினாள்.
படிக்கட்டுக்கு அடியில் வாளி உருண்டது, துடைப்பம் விழுந்தது.
ஒரு பீப்.

முதலில் வந்தது விளக்கு அல்ல.
ஃபிரிட்ஜ். சளி பிடித்தவர் போலச் செருமி
உடம்பை ஒருமுறை உலுக்கிக்கொண்டது.
அப்புறம் மாடி, கூடம், அடுக்களை, குளியலறை,
போட்டது போட்டபடி விட்ட அத்தனை விளக்கும் ஒரே நொடியில்,
கல்யாண வீடு போல.
அவள் ஓடி ஓடி ஒவ்வொன்றாக அணைப்பதை
வாசலில் நின்று கேட்டேன்.
ஒன்றை மட்டும் விட்டுவைத்தாள்.

மாலை ஆறிலிருந்து காலை ஒன்பது வரை
காசு தீர்ந்தாலும் இணைப்பை அறுக்கமாட்டார்கள்.
கணக்கை மட்டும் எழுதி வைத்துக்கொள்வார்கள்.
அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர்
நட்பு நேரம்.
லோவ்ரிக்குத் தீர்ந்தது ஐந்தே முக்காலுக்கு.
கால் மணியில் நட்பைத் தவறவிட்டாள்.

என் வீட்டு மீட்டரும்
ஆறரையிலிருந்து சுழியத்துக்குக் கீழேதான்.
ஈரக் கோட்டோடு அதன் முன்னால் கொஞ்சம் நின்றேன்.
சிவப்பாய்க் கண் சிமிட்டியது.
கெட்டிலில் ஒரு கோப்பைக்கு மட்டும் தண்ணீர் ஊற்றினேன்.
பிறகு, நட்புதானே என்று,
இன்னொரு கோப்பைக்கும்.