இடது பக்க நரம்பு

காலையில் ஒரு குரல்வளையைத்
தட்டில் வைத்துக் கொடுத்தார்கள்.
ஆறு பேருக்கு ஒன்று.
ஃபார்மலின் நெடி மூக்கில் ஏறிக்
கண்வழியே இறங்கியது.
சின்னச் சிமிழ். உள்ளே
வெளிறிய இரண்டு மடிப்புகள்,
ஒட்டாமல் விட்ட தபால் உறைபோல.

"இதை வைத்துத்தான்" என்றார் பேராசிரியர் லமாரா,
"இந்த மனிதர் கடன் கேட்டிருப்பார்,
பேருந்தை நிறுத்தச் சொல்லியிருப்பார்."
பிறகு இடுக்கியால் ஒரு நூல்முனையைத் தூக்கி
மீதியைச் சுவர்ப்படத்தில் காட்டினார்:
தொண்டைக்கு வேண்டிய நரம்பு
தொண்டையைத் தாண்டி நெஞ்சுக்குள் இறங்கிப்
பெருந்தமனியை ஒரு சுற்றுச் சுற்றி
மறுபடி மேலேறுகிறது.
இடது பக்கத்தில்தான் இவ்வளவு தூரம்.
ஏன் என்று கேட்டேன்.
தேர்வில் ஏன் வராது என்றார்.

தட்டுகளை எடுத்துப்போக மல்ஹாஸ் வந்தார்.
நீலக் கோட்டு. கையுறைகளை எண்ணுவார்.
இரண்டு வருடத்தில் என்னிடம் பேசியது
கதவை மூடு.

அன்று இரவு திபிலிசியில்
மழையா பனியா என்று முடிவாகாத ஒன்று பெய்தது.
தம்தா என்னைச் சொலொலாகியில்
ஒரு நிலவறைக்கு இழுத்துப்போனாள்.
மாணவர் என்றால் ஐந்து லாரி,
ஒரு கோப்பை ஒயினும் அதில் அடக்கம்.
மேடையைத் தேடினேன், இல்லை.
மைக் இல்லை. அவரைக்குழம்புச் சட்டியைச் சுற்றி
மூன்று பேர் ரொட்டி பிய்த்துக்கொண்டிருந்தார்கள்.
பிய்த்த கை வாய்க்குப் போகாமல் நின்றது.
அதுதான் தொடக்கம்.

ஒருவர் சொல்லை எடுத்தார்.
இன்னொருவர் அதன் தோளில் ஏறி நின்றார்.
மூன்றாவது எங்கிருந்து வருகிறது என்று
தெரியவில்லை. என் தட்டிலிருந்த கரண்டி
தானாக முனகியது.

"பானி" என்றாள் தம்தா காதில், "அடிக்குரல்."
எனக்குப் பாணி என்று விழுந்தது.
எங்கள் மொழியில் அதற்கு
விதம் என்று பொருள், கை என்றும் பொருள் என்றேன்.
"சரிதானே, அந்தக் கை இல்லையென்றால்
மேலே நிற்பவர்கள் விழுந்துவிடுவார்கள்."

அப்போதுதான் பார்த்தேன்.
நீலக் கோட்டு இல்லாத மல்ஹாஸ்.

மேலே அழைத்தார், வளையக் குருத்தெலும்பு
சாய்கிறது என்று மனம் படித்தது;
இழுபடுகிறது, இறுகுகிறது,
இந்தத் தசையின் பெயர்,
பெயர்
போய்விட்டது.
மூன்று குரலும் ஒன்றையொன்று உரசி
விலக மறுத்த இடத்தில்
என் பல்லின் வேர் கூசியது.
கைதட்டத் தோன்றவில்லை. அவர்கள் யாரும்
எங்களைப் பார்த்துப் பாடவில்லை.

அடுத்த பாட்டில் மல்ஹாஸ் உள்ளங்கையைத்
தரையைப் பார்த்து விரித்தார்.
அறை முழுவதும் அவருக்குக் கீழே
ஒரே ஓ-வைப் பிடித்துக்கொண்டது.
நானும் பிடித்தேன். கொஞ்சம் கீழே.
பக்கத்தில் இருந்த டாக்ஸிக்காரர் நுக்ரி
என் முழங்கையை மெல்லத் தூக்கிவிட்டார்,
சாய்ந்த படத்தை நிமிர்த்துவதுபோல.
அகப்பட்டது.
நெஞ்செலும்புக்குப் பின்னால், இடது பக்கம்,
யாரோ மேசையை நகர்த்தினார்கள்.

கண்ணை மூடியிருந்ததால்
பாட்டு முடிந்தது எனக்குத் தெரியாது.
ஒரே ஒரு ஓ மட்டும் மிச்சம். என்னுடையது.
அறை சிரித்த சிரிப்பில்
கோப்பை மறுபடி நிறைந்தது, இலவசமாக.

கடைசி மெட்ரோ போய்விட்டது.
ஆற்றோரமாகவே நடந்தோம்.
தம்தா மேற்குரல், நான் கை.
நடுவில் நிற்க ஆளில்லாமல்
ஒரு நாய் கொஞ்ச தூரம் வந்தது.

மறுநாள் மல்ஹாஸ் கையுறை எண்ணினார்.
எட்டு, ஒன்பது. கதவை மூடு.
மூடினேன்.
என்னைப் பார்க்காமலே, உதடு பிரியாமலே
அந்த ஒற்றைச் சுரத்தை ஒரு நூலளவு விட்டார்,
நான் பிடித்த இடத்தில்
கொஞ்சம் கீழே.

தட்டின் மூடியில் கை வைத்தபடி நின்றேன்.
திறக்கவில்லை இன்னும்.
இந்த மனிதர் எந்தக் குரலோ:
மேலா,
நடுவா,
கையா.