இந்த டு வேறு டு

கிரிம்ஸ்பி நூலக மாடி, செவ்வாய் இரவு.
மீன் ஆலையிலிருந்து நேரே வந்த ஆறு பேர்.
எலுமிச்சை போட்டுக் கழுவிய கைகளிலும்
காட் மீன் வாடை கொஞ்சம் பாக்கி.
கடைசியில் கதவைப் பூட்ட வேண்டியவன் நான்;
பின்வரிசையில் சாவிக்கொத்தோடு.

கிவ் என்றால் கொடு. அப் என்றால் மேலே.
மேலே கொடுத்தால் விட்டுவிடுவதாம்.
“மேலே யாருக்கு?” என்கிறாள் இல்டா. “கடவுளுக்கா?”
ஹெட்டி டீச்சர் சிரிக்கிறார். பதில் அவரிடமும் இல்லை.
“விதி மட்டும் சொல்கிறேன்:
கிவ் அப்புக்கு அடுத்து வரும் வினை
இங் என்று வால் முளைத்துத்தான் வரும்.
ஸ்மோக் அல்ல, ஸ்மோக்கிங்.”
யூர்கிஸ் அந்த வாக்கியத்தை அழகாக எழுதிவிட்டுப்
புகைக்கக் கீழே போகிறான்.

எழுதிவிட்டு, விட்டுவிட்டு:
என் மொழியில் இந்த விடு படும் பாட்டை
இவர்களிடம் சொல்ல எனக்கு வழியில்லை.

எண்ட் அப் என்றால்
நினையாத இடத்தில் போய் நிற்பது
என்று டீச்சர் சொன்னதும்
அகராதி திறக்கவில்லை ஒருவரும்.
‘ஐ எண்டட் அப் க்ளீனிங் ஃபிஷ்.’
ஐந்து நோட்டில் ஒரே விடை.
இல்டா மட்டும் ஓரத்தில் பென்சிலால்:
முன்பு, டீச்சிங் மேத்ஸ்.

அப்புறம் லுக் ஃபார்வர்ட் டு.
“டு வந்தால் வால் கிடையாதே” என்றான் தெக்லே.
“வான்ட் டு சீ. நீட் டு ஈட்.”
“இந்த டு வேறு டு” என்றார் டீச்சர்.
“லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங்.”

பேனாவை மூடினான் தெக்லே.
மனைவியை வரவழைத்துக்கொள்ள
உள்துறைக்கு அவன் போட்ட கடிதங்கள் பதினொன்று.
பதினொன்றின் கடைசி வரியும்
ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியர்.
“அதனால்தான் பதில் வரவில்லையா?”

ஹீட்டர் கடகடத்தது.
இல்லை என்று சொல்வதற்குள் டீச்சர்
இரண்டு முறை கண்ணாடியைக் கழற்றி மாட்டினார்.

“ஹியரிங் எனக்குத் தெரியும்” என்றான் மெல்ல.
“பிராட்ஃபோர்டில் நடந்தது. மூன்று மணி நேரம்.
அவர்கள் கேட்டார்கள். நான் சொன்னேன்.
கேட்டார்களா, தெரியாது.
இது அதுவா?”
“சொல் அதுதான்” என்றார். மேலே ஒன்றும் சொல்லவில்லை.

எட்டரைக்கு நாற்காலிகளை அடுக்கினேன்.
விளக்கை அணைக்கப் போனால்
தெக்லே இன்னும் மேசையில்.
பன்னிரண்டாவது கடிதம்.
ஹியர் வரை வந்து பேனா நிற்கிறது,
வாலைத் தொங்கவிடும் இடத்தில்.

பூட்ட வேண்டும் என்றுதான் வாயெடுத்தேன்.
அடுக்கியதில் ஒன்றை எடுத்துப் போட்டு
உட்கார்ந்துகொண்டேன்.
புட் ஆஃப் லாக்கிங்.
அது அடுத்த வாரப் பாடம்.