பெறுநர்

குப்பை லொறி ஆறேகாலுக்கு வருகிறது.
முன்பெல்லாம் வரும் என்பார்கள்,
இப்போது வருகிறது.

மாநகர சபை கலைந்து இருபது மாதம்.
தேர்தல் வைக்கக் காசில்லையாம்.
மதிலில் ஒட்டிய முகங்கள்
மூக்கிலிருந்து உரியத் தொடங்கி
இப்போது காதுகள் மட்டும் மிச்சம்.
என் இடது சுண்டுவிரலில்
வெட்ட வெட்ட வெறும் நகமே வளர்கிறது.
ஆணையாளர் என்று ஒருவர் கையெழுத்து வைக்கிறார்.
எங்கள் ஒழுங்கையில் மூன்று வருடம் செத்துக் கிடந்த விளக்கு
யாரும் கேட்காமலே
ஒரு செவ்வாய்க்கிழமை எரிந்தது.

"பாத்தீங்களா மிஸ்" என்கிறார் பௌஸ்தீன்,
பிளேன்டியைத் தட்டச்சுப் பொறிக்குப் பக்கத்தில் வைத்து.
"கொமிஷன் கேக்க ஆளில்ல,
மாலை போடச் சொல்ல ஆளில்ல, மைக் சத்தமில்ல.
நாட்டையும் இப்பிடி
நாலு கிளாக்குமார் கையில குடுத்துட்டா என்ன?"

சீனி போதாது என்றேன்.
வேறு பதில் கைவசம் இருக்கவில்லை.

புதுக்கடை நீதிமன்ற மதிலோரம்
பத்தொன்பது வருடமாக மனு அடிக்கிறேன்.
தமிழில் நூற்றைம்பது, சிங்களத்தில் இருநூறு.
அழுதுகொண்டு சொன்னால் ஒரு பக்கம் இரண்டாகும்,
அதற்குக் கூட்டிக் கேட்பதில்லை.
எந்த மனுவும் ஒரு பெயரில் தொடங்க வேண்டும்.
தொழில் அவ்வளவுதான்.

எங்கள் பழைய உறுப்பினர் நிக்கலஸை
நல்லவன் என்று நான் சொல்லமாட்டேன்.
ஆறங்குலக் குழாய்க்குக் காசு வாங்கி
நாலங்குலம் புதைத்தவன்.
அந்த ஐப்பசி மழையில்
கான் தண்ணீர் என் குசினிவரை வந்து
அரிசி வாளியைக் கூட்டிக்கொண்டு போனது.
விடிய ஐந்தரைக்கு அவன் கேற்றில் நின்றேன்.
சாரமும் வாயில் பற்பசை நுரையுமாக வந்தான்.
அவனது அம்மா, அப்பா,
ஒருவரையும் நான் மிச்சம் வைக்கவில்லை.
துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல்
கேட்டுக்கொண்டு நின்றான்.
குழாய் மாறவில்லை.
அடுத்த தேர்தலில்
முந்நூற்றுப் பதினோரு வாக்கால் அவனைப் புதைத்தோம்,
நாலங்குல ஆழத்தில்.
பின்னால் வந்தவனும் பெரிய யோக்கியன் இல்லை.

ஆவணியில் றிஸ்வானா வந்தாள்,
கால்வாய்க் கரை வீட்டுக்காரி.
கையில் ஒரு கடிதம்.
மூன்று மொழியிலும் ஒரு பிழை இல்லை.
பதினான்கு நாள் தவணை.
கீழே 'ஆணையாளருக்காக' என்று
கொக்கு மிதித்த மாதிரி ஒரு கீறல்.
"இது யாரு மிஸ்?"
தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம்.
சபைக்குப் போயிருக்கிறாள்: மூன்றாம் மாடி,
பிறகு ஏழாம் கவுண்டர்,
பிறகு அவர்களுக்குச் சாப்பாட்டு நேரம்.
எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்களாம்.
கதிரை கூடக் கொடுத்தார்களாம்.
கத்துவதற்குத்தான் ஒருவரும் கிடைக்கவில்லை.

தாளைச் செருகினேன்.
பெறுநர் என்று அடித்து, இரட்டைப் புள்ளி வைத்து,
உருளையை ஒரு பல் திருப்பி
நின்றுவிட்டேன்.
"யாருக்குப் போடட்டும்?"
அவள் பௌஸ்தீனைப் பார்த்தாள்.
பௌஸ்தீன் கேத்தலைப் பார்த்தார்.
'சம்பந்தப்பட்டவருக்கு' என்று அடித்தேன்.
சம்பந்தப்பட்டவள் எனக்கு முன்னால்தான்
உட்கார்ந்திருந்தாள்.

பதினைந்தாம் நாள் லொறி வந்தது,
ஆறேகாலுக்கு.
தகரம், கதவு, பிள்ளையின் மேசை,
எல்லாவற்றையும் உடையாமல் இறக்கி வைத்தார்களாம்.
அதையும் சொல்லத்தானே வேண்டும்.

பௌஸ்தீனோடு வாதம் இன்னும் முடியவில்லை.
குப்பை உண்மையாகவே போகிறது.
விளக்கு உண்மையாகவே எரிகிறது.
ஓர் இரவு அதன் கீழே நின்று
கத்திப் பார்த்தேன், அம்மா அப்பாவெல்லாம் சேர்த்து.
நாலு வீட்டு யன்னல் திறந்து மூடியது.
பற்பசை வாசத்தோடு
ஒருவரும் வெளியே வரவில்லை.