தோலோடு ஒட்டி

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு
கொரோம் என் வாசலில் வந்து இறங்கும்.
ஞாயிறு இரவு உன் காரில் ஏறிக்கொள்ளும்.
மூன்று வருடமாக நமக்கிடையே
தவறாமல் போய்வரும் ஒரே கடிதம்,
கரிநிறச் சடைகள் தரையில் புரளும் கடிதம்.

இந்த வெள்ளி அது வாலை ஆட்டவில்லை.
தண்ணீர்க் கிண்ணத்தைத் தாண்டிப் போய்
குளியலறைத் தரையில் முகம் புதைத்தது.
இரவு வேலியோரம் காலைத் தூக்கியபோது
டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன்:
பால் விடாத காப்பியின் நிறம்.

உன்னை எழுப்பினேன்.
"மே மாதச் சொட்டுமருந்து போட்டாயா?"
"நீ போட்டிருப்பாய் என்றிருந்தேன்.
பட்டை மாட்டினாயா?"
"ஏப்ரலிலேயே."
"சடைக்கு மேலா, தோலோடு ஒட்டியா?"

நான் கார்ச் சாவியைத் தேடப் போனேன்.

மருத்துவர் ஓர்ஷோயா
இரவு உடுப்பின் மேல் வெள்ளைக் கோட்டோடு
கதவைத் திறந்தாள்.
காது மடலிலிருந்து ஒரு துளி ரத்தம்,
கண்ணாடித் தகடு, நீலச் சாயம்.
"சிவப்பணுக்குள் குடியேறியிருக்கின்றன.
பேரிக்காய் போல. எப்போதும் ஜோடி ஜோடியாக..."
சொல்லிவிட்டு நம் இருவரையும் பார்த்தாள்.
ஊசியில் காற்றை வெளியேற்றுவதில்
திடீரென்று மிகவும் கவனமானாள்.

"மருந்து போட்டாயிற்று. விடியட்டும்.
அதுவரை, இன்னும் ஒட்டியிருப்பதை எடுங்கள்.
ஒரு சடை விடாமல்."

என் சமையலறைத் தரையில் போர்வை விரித்தோம்.
நீ தலையிலிருந்து, நான் வாலிலிருந்து.
பேன் பார்ப்பதுபோல் வேர்வேராக விலக்கி,
எள்ளளவில் இன்னும் பசியோடிருப்பவை,
ஆமணக்கு விதையாய் உப்பிச் சாம்பல் பூத்தவை,
காலிடுக்கில், விரலிடுக்கில்,
இமையின் ஓரத்தில் ஒன்று.
"திருகாதே. நேராக இழு.
வாய் உள்ளேயே நின்றுவிடும்."
"தெரியும்."
"தெரியும் என்று தெரியும்."

ஜாம் பாட்டிலில் உன் அண்ணன் வடித்த
ப்ளம் சாராயம்.
ஒவ்வொன்றாய் அதில் மூழ்கின.
குடிக்க வேண்டியது நாம்,
குடித்துக் கிடந்தது அவை.

வெளியே உன் கார்க் கண்ணாடி முழுக்க
திஸா நதியின் ஒருநாள் பூச்சிகள்.
சாப்பிட வாயில்லாதவை.
ஒரு மாலைக்குள் கூடி, முட்டையிட்டு,
யாரையும் கடிக்காமல் செத்துப்போனவை.
பாலத்தில் வரும்போது வைப்பரைப் போடவே
மனம் வரவில்லை என்றாய்.
மனம் வராத ஆள்தானா நீ என்று
கேட்க வந்ததை இடுக்கியால் பிடித்து
பாட்டிலில் போட்டேன்.

மூன்றரை மணிக்கு
வயிற்றின் நடுவில் நம் கைகள் சந்தித்தன.
நாற்பத்தொன்று என்றாய். முப்பத்தொன்பது என்றேன்.
பாட்டிலைக் கவிழ்த்து எண்ணவில்லை.

பிறகு நீயே கத்திரிக்கோலை எடுத்தாய்.
கண்காட்சிக்கென்று ஏழு வருடம்
ஒரு முடி வெட்டவிடாமல் நீ வளர்த்த சடைகள்.
கழுத்தைச் சுற்றி வளையமாக விழுந்தன.
உள்ளே தோல் இவ்வளவு வெளுப்பாக இருக்குமென்று
நாம் இருவருமே அறிந்ததில்லை.
பட்டையை அதன்மேல் மாட்டினாய்.
இரண்டு விரல் நுழையுமா என்று நான் பார்த்தேன்.

ஐந்தேகாலுக்கு ஒரு சத்தம்:
கிண்ணத்தில் நாக்கு, தண்ணீர், நாக்கு.
நீ சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாய்.
வேலியோரம் இப்போது தேநீர் நிறம்.
அது போதும் என்றாள் ஓர்ஷோயா தொலைபேசியில்.

இப்போது என் ஃப்ரிட்ஜில் ஒரு தாள்,
உன் ஃப்ரிட்ஜில் அதன் நகல்.
மாதம் முதல் தேதி நீ கூப்பிடுவாய்.
"போட்டாயிற்று."
"தோலிலா?"
"தோலில்."
வைத்துவிடுவோம்.

ஆகஸ்டில் மட்டும் வைக்காமல் நின்று,
அங்கே கொசு எப்படி என்று கேட்டாய்.
வலை அடித்துவிட்டேன் என்றேன்.
எந்த ஜன்னலுக்கு என்றாய்.