உள்ளடக்கம்: ஒன்றுமில்லை

அதிகாலை நான்கு பதினொன்றுக்கு ஒஸ்மோ அழைத்தான்.
"மூன்றாவது லைன். திறந்தது, மூடியது, நிற்கிறது.
எதற்கும் ஒரு நடை பார்த்துவிடு."
கூசமோவிலிருந்து தொண்ணூறு கிலோமீட்டர்.
இரவோடிரவாகக் குளிர் தளர்ந்து
சாலையெங்கும் வழவழப்பு.

நடந்தது இவ்வளவுதான்.
ஏரியைக் கடக்கும் இடத்தில்
கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் போகின்றன.
கீழ்க்கம்பியில் அப்பியிருந்த பனிக்கட்டி
மொத்தமாக உதிர்ந்தது.
சுமை இறங்கிய கம்பி துள்ளி
மேல்கம்பியை எட்டிப் பிடித்தது.
சுமந்தவரை ஒழுங்காய்த்தான் இருந்தது.

முற்றத்தில் மூன்று தூண்கள்.
நெற்றி விளக்கைத் திருப்பினேன்.
பீங்கான் அடுக்குகளில் ஈரம்,
வேறெதுவும் தெரியவில்லை.
தெரியவும் தெரியாது.
உள்ளே இருக்கும் குழாய்க்குச் சன்னல் கிடையாது.

அந்தக் குழாயை உருவாக்கும் இடத்துக்கு
ஒருமுறை என்னை அனுப்பினார்கள், ரைன் கரையோர ஊர்.
கெசீனா என்பவள் சுற்றிக் காட்டினாள்.
வெள்ளை அங்கி, முகமூடி, இரட்டைக் கையுறை.
கையுறைக்குள் தோல் வெடித்திருக்கிறது,
குளிர்காலம் முழுக்கக் களிம்பு தடவ முடியாது என்றாள்.
ஒரு விரல்ரேகை போதுமாம்,
அதன் எண்ணெய் வருடக்கணக்கில் ஆவியாகி
உள்ளிருக்கும் வெறுமையைக் கெடுக்க.

செம்பும் குரோமியமும் கலந்த இரண்டு வட்டுகள்,
முகத்தோடு முகம்.
சுற்றிலும் ஒரு கவசத் தகடு.
ஒரு வட்டின் தண்டில் எஃகுத் துருத்தி,
நகத்தைவிட மெல்லியது.
பெயர்தான் துருத்தி.
எந்த நெருப்புக்கும் மூச்சு ஊதாது,
மூச்சு நுழையாமல் காப்பதே அதன் வேலை.
வெளிக்காற்றோ ராப்பகலாக அதை நெருக்கிக்கொண்டே இருக்கும்.
எல்லாவற்றையும் அடுக்கி,
இடையிடையே வெள்ளி வளையம் வைத்து,
காற்றை உறிஞ்சிவிட்ட உலைக்குள்
எண்ணூறு டிகிரிவரை ஏற்றுவார்கள்.
வெள்ளி உருகி வாய் பொத்தும்.
வெளியே வருவது,
மூடி முத்திரையிட்ட ஒன்றுமில்லாமை.
சுங்கப் படிவத்தில் 'உள்ளடக்கம்' என்ற கட்டத்துக்கு
என்ன எழுதுவீர்கள் என்று கேட்டேன்.
அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.
பலர் கேட்டிருப்பார்கள்.

சரி, இன்றைக்கு வருவோம்.
ரிலே கண்டது, கொக்கி விட்டது, வில்சுருள் பாய்ந்தது,
வட்டுகள் பிரிந்தன.
மூன்று விரற்கடை, அதற்குமேல் இல்லை.
பிரிவதை மின்சாரம் ஏற்கவில்லை.
பற்றிக்கொள்ளக் காற்று இல்லாததால்
செம்பையே கடித்து, அதன் ஆவியில் ஏறி
இடைவெளியில் நின்று எரிந்தது.
வட்டின் பின்னே வெட்டிய சரிவுப் பள்ளங்கள்
அந்தத் தீயை ஒரு புள்ளியில் குந்தவிடாமல்
முகமெங்கும் பரத்தின.

அணைத்தது யார் என்று கேட்டால்
யாருமில்லை.
மாறி மாறி ஓடும் மின்சாரம்
விநாடிக்கு நூறு தடவை
தானே பூஜ்யத்தைத் தொட்டுத்தான் திரும்ப வேண்டும்.
அந்தக் கணம்வரை பொறுத்திருப்பது மட்டுமே இதன் சாமர்த்தியம்.
பூஜ்யம் வந்தது.
செம்பாவி சிதறிக் கவசத்தில் ஒட்டி உறைந்தது.
மின்சாரம் திரும்பி வந்தபோது
கால் வைக்க எதுவும் இல்லை.

எல்லாம் சேர்த்து எழுபது மில்லி விநாடி.
அரை விநாடி கழித்து
வட்டுகள் மறுபடி முகம் சேர்ந்தன.
கம்பி அதற்குள் தன் இடத்துக்கு வந்துவிட்டிருந்தது.

பெட்டியைத் திறந்தேன்.
வில்சுருள் முறுக்கேறி மஞ்சள் குறியில் நின்றது.
எண்ணிக்கைச் சக்கரத்தில் 42.
போன அக்டோபரில் நான் எழுதியது 41.
பேனா உறைந்திருந்தது. பென்சிலால் எழுதினேன்.

திரும்பும் வழியில் பெட்ரோல் நிலையம்.
காப்பி இயந்திரத்தின் கடிகாரம்
00:00 என்று மினுக்கிக்கொண்டிருந்தது.
கல்லாவிலிருந்த பெண் அதன் மண்டையில் இரண்டு தட்டு தட்டினாள்.
"பாழாய்ப்போன மெஷின், காரணமே இல்லாமல் இப்படிச் செய்யும்."
ஆமாம் என்றேன்.
ஏலக்காய் ரொட்டி சூடாக இருக்கிறதா என்று கேட்டேன்.