குன்றிமணிக்குக் கீழே

கடை சாத்தினாலும் தராசை அணைக்க வேண்டாமென்று
பரேஷ்பாயிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.
எதற்கு என்று அவர் கேட்கவில்லை.
ஜவேரி பஜாரில் பதினோரு வருடம்
கணக்கெழுதுகிறவளிடம் கேட்கத் தோன்றியிருக்காது.

தங்கம் நிறுக்கும் தட்டில்
ஒரு வெள்ளை மாத்திரை.
நூற்று இருபத்தெட்டு மில்லிகிராம்.
நகம் தேய்க்கும் அரத்தால் அதன் முதுகைச் சுரண்டுகிறேன்.
நூற்றுப் பதினாறு.
போதும், இந்த மாதத்துக்கு.
உதிர்ந்த தூளை ஊதிவிட மனம் வரவில்லை,
தரையைப் பெருக்கிய தூசியையே
விலைக்கு விற்கிறவர்கள் நாங்கள்.

சயான் ஆஸ்பத்திரியில் டாக்டர் மிஸ்கிட்டா
சீட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார்.
இரண்டு நரம்பு முனை, நடுவில் ஒரு சந்து,
அக்கரையில் ஏந்தி நிற்கும் ஏற்பிகள்.
மாத்திரை அந்தச் சந்தில் வெள்ளத்தை வடியவிடாது.
வெள்ளம் கண்ட செல்
ஏற்பிகளில் சிலவற்றை மெல்ல உள்ளே இழுத்துக்கொள்ளும்.
அதற்கும் வாரக்கணக்கு ஆகும், திரும்ப வைக்கவும்.
தலையாட்டினேன்.
எனக்குப் புரிந்தது வேறு மாதிரி.

எங்கள் சாலில் குழாய் நாலரைக்கு வரும்.
தட்டுப்பாட்டு வருடம்
வீட்டுக்கு இரண்டு குடம் இருந்த இடத்தில்
ஏழு நின்றது, பெயின்ட் டப்பாவும் சேர்த்து.
பிறகு மாடியில் டேங்க் வந்தது.
யாரும் யாரிடமும் சொல்லாமலே
குடங்கள் கட்டிலுக்கடியில் போயின.
ஒன்றில் தாவ்டே வீட்டம்மா அரிசி போட்டு வைத்தாள்.
இப்போது நான்
வாசலில் குடமில்லாமல் நின்றுகொண்டு
வால்வைத் திருகுகிறேன்.

ஒன்பது வருடம்.
அப்பாவை எரித்த அன்று
விறகு ரசீதை இரண்டு முறை கூட்டிச் சரிபார்த்தேன்.
குறை சொல்லவில்லை.
மஸ்ஜித் ஸ்டேஷனில் மஞ்சள் கோட்டைத் தாண்டி
நின்றுகொண்டிருந்த ஒருத்தியை
இந்த வெள்ளைப் பொட்டுதான் வீட்டுக்குக் கூட்டி வந்தது.

கண்ணைச் சட்டென்று திருப்பினால்
மண்டைக்குள் பொறி தட்டுகிறது.
மழைநாளில் ரயிலின் மேல்கம்பியில்
நீலமாய் ஒன்று வெடிக்குமே, அது.
பைகுல்லாவில் ஒன்று. பரேலில் இரண்டு.
பட்டாணி விற்பவனின் குரலுக்கு நேற்று அழுதேன்,
தாதர் வரும்வரை,
எதிர் சீட்டுக்காரி எனக்கும் சேர்த்துக் கொறித்தாள்.

கடைசி மில்லிகிராம்தான் கனம் என்கிறார் டாக்டர்.
பத்திலிருந்து ஐந்துக்கு இறங்குவது படி,
ஒன்றிலிருந்து ஒன்றுமில்லாததற்கு, மாடி.
இதைப் பொற்கொல்லரிடம் சொல்ல வேண்டியதில்லை.
குன்றிமணிக்குக் கீழேதான்
எங்கள் தெருவில் சண்டையே வரும்.

இன்று விடியுமுன் விழிப்பு.
வெளியே தாவ்டே வீட்டம்மா
அரிசியைக் கொட்டிவிட்டுக் குடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.
மாநகராட்சி பத்து சதவீதம் வெட்டப் போகிறதாம்.
எல்லாக் குடமும் வெளியே வர எத்தனை நாளாகும், என்றேன்.
எதற்கு, என்றாள்,
தேய்ப்பதை நிறுத்தாமல்.